தொண்டைக்குள் ஒரு பாக்கெட்

"முழுங்குங்க," என்று மைக்கில் சொன்னார் டாக்டர்.

தையல்காரர் முழுங்கவில்லை. எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்னால், வாய் நிறைய வெள்ளைத் திரவத்தோடு, கன்னம் உப்ப நின்றுகொண்டிருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் டாக்டர், திரையைப் பார்த்தபடி. பக்கத்தில் அவள், கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி.

முழுங்கினால் தெரிந்துவிடும், நேற்று செய்த ஆபரேஷன் பலித்ததா, இல்லை எங்காவது கசிகிறதா என்று. கசிந்தால் நெஞ்சுக்குள் சீழ் பிடிக்கும், அப்புறம் கழுத்தைத் திறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

ஐந்தாறு வருஷமாக அவருக்குச் சாப்பாடே ஒரு சூதாட்டம். காலையில் உள்ளே போனது, மாலையில் ஊசி பொறுக்கக் குனிந்தால் வாய்க்கு வந்துவிடும். தண்ணீர் குடித்தால் கழுத்துக்குள் களக் களக் என்று சத்தம். கூடவே வாயில் ஒரு வாடை.

சொல்லிக்கொள்கிற மாதிரியான வியாதியா அது? யாரிடமும் மூச்சுவிடவில்லை. கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே சாப்பிடப் பழகினார்.

கண்டுபிடித்தது இந்த டாக்டர்தான். கோட்டு தைக்க வந்தவர். காலர் அளவுக்காகத் தையல்காரர் கிட்டே போனபோது சத்தம் கேட்டுவிட்டது.

"பசியா? வயிறு இப்படிக் கத்துதே."

"வயிறு இல்ல சார். கழுத்து."

டேப்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவரை உட்காரவைத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார் டாக்டர். அளவு கொடுக்க வந்தவர் அளவெடுத்துக்கொண்டு போனார். கோட்டு இன்னும் தைத்த பாடில்லை.

உணவுக்குழாயின் சுவர் மேலே ஓரிடத்தில் பிதுங்கி, பை மாதிரி தொங்குகிறது. சாப்பிடுவதெல்லாம் அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். வாய் வழியாகக் குழாய் விட்டு, வெளியே ஒரு கீறல் இல்லாமல், பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் இருக்கும் சுவரை வெட்டிவிடலாம்.

தையல்காரருக்கு மனசு ஒப்பவில்லை. "பாக்கெட்டை எடுக்கவே மாட்டீங்களா? நடுத்துணியை வெட்டினா ஆச்சா?"

"ஒரு பக்கம் துணியே இல்லைன்னா பாக்கெட்ல என்ன தங்கும்?"

அவர் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். தொழில் தெரிந்த ஆளின் பேச்சு.

கூட இருக்க ஒரு ஆள் வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. தையல்காரர் அவளுக்குப் போன் செய்தார். ஒரு மணி நேரத்தில் வந்து நின்றாள். தலையணை சரியில்லை என்று நர்ஸோடு மல்லுக்கட்டினாள். துவைக்காத சட்டையோடு வந்ததற்கு அவரைத் திட்டினாள். டாக்டர் அதே படத்தை அவளுக்கும் விளக்கினார். எத்தனை வருஷமாக இது, என்று கேட்டாள். டாக்டர் சொன்னதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"முழுங்கித் தொலைங்களேன்," என்றாள் இப்போது, கண்ணாடியைப் பார்த்து.

அவருக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் முழுங்கினார்.

திரையில் வெள்ளைக் கோடு ஒன்று தொண்டையில் தொடங்கியது. எங்கும் நிற்காமல், ஓரமாக ஒதுங்காமல், நேரே கீழே இறங்கியது.

இன்னொரு வாய் குடிக்கச் சொன்னார் டாக்டர். அதுவும் இறங்கியது.

"நூல் பிடிச்ச மாதிரி போகுது," என்றார். "மத்தியானம் சூப் குடுக்கலாம். வீட்டுக்குப் போனாலும் கொஞ்ச நாளைக்குக் கெட்டியா எதுவும் சமைச்சுப் போட்டுடாதீங்கம்மா."

அவள் தலையாட்டினாள். அந்த வீட்டில் தான் சமைப்பதில்லை என்று சொல்லத் தோன்றவில்லை.

குடும்பநல நீதிமன்றம் இருவரையும் பிரித்து மூன்று வருஷமாகிறது. மனுவில் அவள் எழுதியிருந்த முதல் குறை: என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி இரண்டு தடவை கேட்டார். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.

அதை அவள் திமிர் என்று நினைத்தாள்.

மத்தியானம் சூப் வந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அவருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.