தம்பி பாட வேண்டிய இடம்

ஜன்னலே இல்லாத சின்ன ஸ்டூடியோ. ஒரே அறைதான். மூலையில் கிடார்க்காரர் குனிந்து சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார். சோபாவில் அண்ணனும் தம்பியும். இத்தனை வருஷமும் ஒரே மைக்கை மாறி மாறிப் பிடுங்கி ராப் பாடியவர்கள். அண்ணன் மூச்சு வாங்கும் இடத்தில் தம்பி பிடித்துக்கொள்வான். புது ஆல்பத்தில் ராப் கிடையாது. முழுக்கக் கிடார், இழுத்துப் பாடும் மெட்டு. தம்பி இன்றுதான் கேட்கிறான். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொள்கிறான். பாதம் தானாகத் தாளம் போடுகிறது. பல்லவி முடிந்ததும் பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்து வாயைத் திறக்கிறான். கிடார் முந்திக்கொள்கிறது. வாயை மெல்ல மூடிக்கொள்கிறான்.

"நான் எங்கண்ணா வர்றேன்?"

"இதுல இல்லடா." அண்ணன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருக்கிறான்.

"அடுத்த பாட்டுல?"

மூடி எப்போதோ இறுகிவிட்டது. அண்ணன் இன்னும் திருகுகிறான். சவுண்ட் இன்ஜினியர் காதில் எதுவும் விழாததுபோல் கம்ப்யூட்டர் திரையையே பார்க்கிறார். தம்பி ஹெட்போனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி, சோபாவின் கைப்பிடிமேல் வைக்கிறான்.

"நல்லா இருக்குண்ணா. சத்தியமா, நாம பாடினதைவிட நல்லா இருக்கு."

அவன் பொய் சொல்லவில்லை. அது இருவருக்கும் தெரிகிறது. அண்ணன் மைக் முன்னால் போய் நிற்கிறான். தம்பி எழுந்து கதவை நோக்கி நடக்கும்போது, "டேக் போறோம், யாரும் அசையாதீங்க," என்கிறார் இன்ஜினியர். சிவப்பு விளக்கு எரிகிறது. கதவைத் திறந்தால் சத்தம் பதிவாகிவிடும். தம்பி நின்ற இடத்திலேயே நிற்கிறான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பிக்கிறான்.