கண்டக்டரின் ஒரு வார்த்தை

"ரைட்டுன்னு சொன்னாருல்ல? ரைட்டுன்னா சரின்னுதானம்மா அர்த்தம்!"

"அடேய், அந்த மனுசனுக்கு மிஞ்சியிருக்கிறதே அந்த ஒரு வார்த்தைதான்டா!"

வேலம்மாளும் மகன் தங்கதுரையும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று மல்லுக்கட்டினார்கள். நடுவில் சுடலையாண்டி படுத்திருந்தார். முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து எல்லாப் பேச்சையும் வாரிக்கொண்டு போனபோது 'ரைட்' மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெடுக்கென்று சொன்னால் வலி, முனகினால் போர்வை என்று இந்த ஆறு மாதத்தில் அதற்கு ஒரு அகராதியே வேலம்மாளுக்கு மனப்பாடம். காலை வெட்டி எடுத்துவிடுங்கள் என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

"சர்க்கரைப் புண்ணு முழங்கால் பக்கம் ஏறிருச்சும்மா. இன்னிக்கு எடுக்கலேன்னா உயிருக்கே ஆபத்துங்கிறாரு டாக்டர்."

"சுடுகாட்டுக்கு ரெண்டு காலோடதான் போவேன்னு வாய் நல்லா இருந்தப்ப சொன்னாரேடா." அவள் குனிந்து கேட்டாள். "ஏங்க, காலை எடுக்க வேண்டாம்தானே?"

"ரைட்."

"பாத்தியா?"

"எடுத்துரலாம்தானப்பா?"

"ரைட்."

இழுக்கவும் இல்லை, வெடுக்கென்றும் இல்லை. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. தங்கதுரை கையெழுத்துப் போட்டான். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. வேலம்மாள் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

"பஸ்ஸ நிறுத்த எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பீங்க. இன்னிக்கு ஒரே ஒரு தரம் 'ஓல்டான்'னு சொல்லிருங்களேன்."