சேறு படாத ஜெர்சி

மழையில் ஊறிய ஏனாத்தூர் மைதானத்திலிருந்து திரும்பிய கோல்கீப்பர் கீர்த்தி, பையை வாசலிலேயே போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள்.

தறியிலிருந்து அப்பா தேவேந்திரன் எழுந்து வந்தார். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஸ்கோரை மட்டும் பார்த்திருந்தார். 17–0.

"உடுமா. அடுத்த மேட்சுல பாத்துக்கலாம்."

அவள் குனிந்து ஷூவைக் கழற்றினாள். ஊறவைக்கப் பையிலிருந்து ஜெர்சியை எடுத்தவர் திகைத்தார். ஒரு பொட்டு சேறு இல்லை.

"இன்னாமா இது? பதினேழு கோல் போயிருக்குது. ஒரு வாட்டியாவது உழுந்து புடிக்க வேணாமா?"

"அதெல்லாம் நாங்க போட்ட கோலுப்பா. எங்கிட்ட பந்தே வரல."

"ஜெயிச்சிட்டீங்களா! அப்புறம் ஏம்மா இப்டி இருக்கிற?"

"மேட்ச் முடிஞ்சதும் எங்க டீமு மொத்தமும் அந்தாண்ட கோல்கிட்டயே கட்டிப்புடிச்சி ஆடிக்கினு இருந்தாங்க. இந்தாண்ட நான் ஒருத்தி நிக்கிறது யாருக்குமே ஞாபகம் இல்லப்பா."

அப்பா கையுறைகளை எடுத்துப் புரட்டினார். வலது கையுறையில் மட்டும் சேறு அப்பியிருந்தது.

"பந்தே வரலன்ற. இது எப்டி?"

"பதினேழு கோல் வாங்குனாளே, அந்தப் பொண்ணு. அவதாம்பா கிரவுண்டு முழுக்க நடந்து வந்து எனக்குக் கை குடுத்தா."