கவிஞனின் மனைவிக்கு ஒரு பக்கத் தலைப்பு

பதினெட்டாவது கேள்வியில் அவள் பேனா நின்றது.

கவிஞனின் வாழ்க்கையோடு அவனுடைய காதல் கவிதைகளைப் பொருத்தி எழுதுக. இருபது மதிப்பெண்.

எல்லோருக்கும் தெரிந்த விடைதான். எம்.ஏ. ஆங்கிலம், கடைசி செமஸ்டர். முப்பது பேரும் ஒரே நோட்ஸைத்தான் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார்கள். சீனியர் கொடுத்தது. அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது.

நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலக் கவிஞன். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம். மாமனார் அவனை ஜெயிலில் போட்டார். வேலை போயிற்று. காதல் மட்டும் போகவில்லை. மனைவியே அவன் கவிதையின் ஊற்று.

இவ்வளவையும் எழுதிவிட்டாள்.

பிறகு ஒரு பக்கத் தலைப்பு எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாள்.

அந்த மனைவியின் பெயர்.

அதற்குக் கீழே எழுத ஒன்றுமில்லை.

நோட்ஸில் அவளைப் பற்றி இரண்டே விஷயங்கள். பன்னிரண்டு பிரசவம். முப்பத்து மூன்று வயதில் சாவு. இரண்டும் ‘காதலின் ஆழம்’ என்ற தலைப்பில் இருந்தன.

ஆழமாம்.

நூலகத்தில் உட்கார்ந்து கவிதைகளை அவளே படித்துப் பார்த்திருந்தாள். கட்டில் இருந்தது. ஜன்னல் இருந்தது. தொட்டிலைத் தேடினாள்.

இல்லை.

மேற்பார்வைக்கு வந்த மேடம் அருகே நின்றார்.

“என்னம்மா, வெறும் தலைப்ப வச்சிக்கிட்டு உக்காந்திருக்க? நோட்ஸ் மறந்துபோச்சா?”

“நோட்ஸ்லயே இல்ல மேடம்.”

“இல்லாதத எதுக்கு எழுதற? இருக்கறத எழுதிட்டுப் போவியா.”

மேடம் நகர்ந்தார்.

ஜன்னலுக்கு வெளியே, கீழே, புங்க மரத்தடியில் தென்னரசு பைக்கில் சாய்ந்து நின்றான். கூட இரண்டு நண்பர்கள், சாட்சிக் கையெழுத்துக்கு. பதிவு அலுவலகத்தில் கல்யாணத்துக்குப் பன்னிரண்டரைக்கு டோக்கன். வயதுச் சான்றுக்கு அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அசல், அவன் பையில்.

அவள் வீட்டுக்குத் தெரியாது. அந்த வீட்டிலிருந்து பரீட்சை ஹாலுக்குள் வந்த முதல் ஆள் அவள். அப்பா இன்னும் கைநாட்டு.

தென்னரசுவும் கவிதை எழுதுவான். நன்றாகவே எழுதுவான். அதுதான் பயம்.

மூன்று வருடத்துக் கவிதைகள். அவள் கண் வந்துவிட்டது. கழுத்து வந்துவிட்டது. மழையில் அவள் நனைந்தது இரண்டு முறை வந்துவிட்டது. காலேஜ் வாத்தியார் வேலைக்கு அவள் எழுதப் போகும் நெட் தேர்வு ஒரு வரியிலும் வரவில்லை.

நேற்று சொன்னான்:

“பாஸ் மார்க்குக்கு எழுதிட்டு பன்னெண்டுக்கெல்லாம் வெளிய வந்துரு. அரியர் விழுந்தா விழட்டும் புள்ள. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

எது மிச்சம்?

அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு கவிதை வரும்.

பேனாவை எடுத்தாள். தலைப்புக்குக் கீழே எழுதினாள்.

‘இவள் என்ன நினைத்தாள் என்பதற்குக் கவிதைகளில் சான்று இல்லை. ஏன் இல்லை என்பதைக் கீழ்க்கண்டவாறு விளக்கலாம்.’

விளக்கினாள். கை வலிக்க விளக்கினாள். நோட்ஸில் இல்லாத இங்கிலீஷ். தப்பும் இருக்கும். இருக்கட்டும்.

கடைசிப் பக்கம் தீர்ந்தபோது பன்னிரண்டு மணி அடித்தது. பரீட்சை முடிய இன்னும் ஒரு மணி நேரம்.

நாலைந்து பேர் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தார்கள். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. கீழே தென்னரசு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். வாட்சைத் தட்டிக் காட்டினான்.

அவள் கையைத் தூக்கினாள்.

அவன் முகமெல்லாம் சிரிப்பு. அவனும் கையை உயர்த்தி ஆட்டினான்.

மேடம் அடிஷனல் ஷீட்டுடன் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்.