அமரர் கருத்தையா வந்திருக்கிறார்

"ஏலே, நான் எப்பச் செத்தேன்?"

கடை வாசலில் கருத்தையா அண்ணாச்சி நின்றார். கையில், சுவரிலிருந்து உரித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பசை இன்னும் காயவில்லை.

சோலைராஜ் வாங்கிப் பார்த்தான். நேற்று அவனே கம்ப்யூட்டரில் அமைத்து அடித்துக் கொடுத்ததுதான். மேலே பெரிய படமாக, 'அமரர் கருத்தையா'. கீழே சின்னப் படமாக, 'கண்ணீருடன் பால்சாமி'.

செத்தது பால்சாமி. போஸ்டருக்குச் சொல்லிவிட்டுப் போன சிநேகிதர்தான் கருத்தையா.

"செத்தவன் அழுதுக்கிட்டு இருக்கான். அழவேண்டியவன் செத்துக் கெடக்கேன். எப்படிலே?"

எப்படி என்றால், எல்லாம் அந்த எழுத்தால் வந்த வினை. பத்திரிகைத் தலைப்புகளுக்கென்றே வரைந்த புது எழுத்துரு, மெட்ராஸிலிருந்து பிளாப்பியில் வந்து இறங்கியிருந்தது. நிற்கிற கோடெல்லாம் தடிமன், வளைகிற கோடெல்லாம் மயிரிழை, முனைகளில் கொசுக்கால் அளவுக்குப் பாதங்கள். அதில் இதுதான் முதல் போஸ்டர். சொக்கிப்போய் எழுத்தைப் பார்த்தவன் ஆளைப் பார்க்கவில்லை. இப்போது ராஜபாளையம் பூராவும் ஒட்டியாகிவிட்டது.

"அண்ணாச்சி, கேஸ் கீஸ் போட்டுராதீக. கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

"இது என்ன எழுத்துலே?"

"புதுசு அண்ணாச்சி. நம்மூரு நாய் மாதிரி. நெஞ்சு அகலம், இடுப்பு ஒட்டல்."

அமரரிடம் போய் நாயை இழுத்தோமே என்று சோலைராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதான் நின்னு நின்னு படிக்கானுவ. மத்த போஸ்டரையெல்லாம் ஆடுதான் பாக்கும்."

"கேஸ் போடுவீகளா, மாட்டீகளா?"

"காலைல எந்தம்பி வந்தான். எம்மொகத்துலயே முழிக்காதவன், ரோசாப்பூ மாலையோட வாரான். தெருமுக்குல இருந்தே ஒப்பாரி. நான் வாசல்ல நின்னு பல்லு வெளக்குதேன்."

"ஐயோ! பொறவு?"

"பொறவென்ன, அந்த மாலையவே எங்கழுத்துல போட்டுக் கட்டிப்பிடிச்சிட்டான். பேஸ்ட் நொரை பூரா அவன் சட்டைல. இப்ப எம்பொண்டாட்டி சுடுத தோசையத் தின்னுக்கிட்டு இருக்கான். பால்சாமி மட்டும் உசுரோட இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பான்."

சோலைராஜுக்கும் சிரிப்பு முட்டியது. சிரித்தால் அடி விழுமோ என்று மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அம்புட்டையும் நானே போயிக் கிழிச்சுருதேன். மன்னிப்புப் போஸ்டரும் ஓசில அடிச்சுத் தாரேன். போலீசா, கோர்ட்டா, ரெண்டு அறையா? எதுன்னாலும் நேராச் சொல்லிருங்க."

கருத்தையா போஸ்டரை மேஜைமேல் விரித்து, தன் பெயரின் மேல் மெல்ல விரலை ஓட்டினார்.

"கிழிக்காத. இன்னும் அம்பது அடி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒட்டணும். சொல்லாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போன எம்மக அங்கதாம்லே இருக்கா."