அந்தப் பெண்ணின் அப்பா

சன்னாசி வீடியோ கடைக்குள் நுழைந்ததும் கதவை உள்ளே தாழிட்டார்.

பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் லோரி ஓட்டுபவர். காலையிலிருந்து மகள் நீலாவதியைக் காணோம். யாரைத் தேடிப் போயிருப்பாள் என்று தோட்டமே சொன்னது.

“எங்கடா அவ?”

“தெரியாது அங்கிள்” என்றான் வைரவன். அம்பாங்கான் டவுனில் அந்தக் கடை அவனுடையது. செட்டியார் வீட்டுப் பிள்ளை.

அவன் முதுகுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அப்பால், நீலாவதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சாயங்காலம் ஜொகூர் பஸ். டிக்கெட் இரண்டும் அவன் சட்டைப்பையில்.

சன்னாசி அடிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

டிவியில் ஒரு பழைய ஜப்பானியப் படம். இப்போதுதான் வீடியோவாக வந்திருந்தது. கேசட் சரியாக ஓடுகிறதா என்று வைரவன் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பொம்மையெல்லாம் வருது?”

“பொம்மலாட்டக் கதைய படமா எடுத்திருக்காங்க, அங்கிள்.” அணைக்கப் போனான்.

“ஓடட்டும் லா. கீழ இங்லீஷ்ல வருதே, அதப் படிச்சுச் சொல்லு.”

வைரவன் சொன்னான். ஒரு கடைக்காரன். ஒரு பெண். யாரும் அவர்களைச் சேரவிடவில்லை.

“இப்ப என்ன சொல்றா?”

மாற்றிச் சொல்லியிருக்கலாம். திரைச்சீலைக்குப் பின்னால் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க போனாலும் கூட வர்றேங்குறா.”

யாரோ வெளியே கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சன்னாசி திரும்பவில்லை. பஸ்ஸும் போயிருக்கும்.

படத்தின் கடைசியில் அந்த இருவரும் ஆற்றங்கரையில் பக்கத்தில் பக்கத்தில் செத்துக் கிடந்தார்கள். கீழே எழுத்து எதுவும் வரவில்லை.

சன்னாசி ஸ்டூலை டிவி பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“அந்தப் பொண்ணோட அப்பன எங்கயுமே காட்டலயே.”

“அவர் கதையில இல்ல, அங்கிள்.”

சன்னாசி எழுந்தார். வைரவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அவர் போய்த் தாழைத் திறந்தார்.

“லோரிய முன்னால கொண்டாறேன். ரெண்டு பேரும் ஏறுங்க. உங்கப்பாகிட்ட நான் வந்து பேசுறேன்.”

வாசலைத் தாண்டப் போனவர் திரும்பினார்.

“பின்வாசல்ல அவ செருப்பு கெடக்கு. அதப் பாத்துட்டுத்தான் முன்னால வந்தேன். போட்டுக்கிட்டு வரச் சொல்லு.”