பம்பரின் இடது மூலை

“அவர் கண்ணுல படுறதுக்குள்ள முடிஞ்சிடணும் தம்பி. சாயங்காலம் வண்டி வீட்டு வாசல்ல நிக்கணும்.”

பெயின்டர் மினி லாரிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பம்பரின் இடது மூலை. கறுப்பு பிளாஸ்டிக்கில் முழங்கை நீளத்துக்கு ஒரு கீறல்.

“எங்க அண்ணி இடிச்சீங்க?”

“குடோன் கேட் தூண். திரும்பும்போது உரசிடுச்சு.”

“ஓட்ட ஆரம்பிச்சு எத்தனை நாள் ஆச்சு?”

“இன்னும் ஒரு வாரம்கூட ஆகல.”

லோடு இறக்கும்போது விழுந்து கணவனுக்குக் கால் முறிந்துவிட்டது. கட்டுப் பிரிக்க மாசக் கணக்காகும். எப்போதோ அவனே கற்றுக்கொடுத்து வாங்கிக் கொடுத்த லைசென்ஸைத் தூசி தட்டி எடுத்து, “நானே ஓட்டுறேன்” என்று நின்றாள் அவள்.

அரை மனசாகத்தான் சாவியைக் கொடுத்தான்.

“பதினஞ்சு வருஷமா என் வண்டியில ஒரு கீறல் கிடையாது, தெரியுமில்ல? ஒண்ணு விழுந்துச்சுன்னா அன்னிக்கே வண்டியை வித்துடுவேன்.”

சொன்னால் செய்கிற ஆள். வண்டி போனால் அடுப்பு எப்படி எரியும் என்பது ஒரு கவலை. இந்தச் சில நாளில் அந்த ஸ்டீயரிங் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. அது அதைவிடப் பெரிய கவலை.

“கறுப்புதானே, நேரா அடிச்சு விட்டுடுங்களேன்!”

“பொறுங்க அண்ணி. பிளாஸ்டிக் தகரம் மாதிரி இல்ல. கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தாலும் பெயின்ட் பிடிக்காது. ஒரு மழைக்குப் பாம்புச் சட்டையா உரிஞ்சு தொங்கும்.”

சோப்புப் போட்டுக் கழுவினார். காய விட்டார். தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார். மறுபடி காய விட்டார். பொறுங்க, பொறுங்க என்று சொல்லிச் சொல்லியே தெருவில் அவருக்குப் ‘பொறுமை’ என்று பெயர் விழுந்திருந்தது. அவளோ ஒவ்வொரு ‘பொறுங்க’வுக்கும் போனை எடுத்து மணி பார்த்தாள்.

“அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட நான் சொன்னதே கிடையாது.”

ஹெட்லைட்டுக்கும் நம்பர் பிளேட்டுக்கும் பழைய பேப்பரை வைத்து டேப் ஒட்டினார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கணவன்.

“எங்க இருக்க?”

“லோடு ஏத்திட்டு இருக்காங்க.”

பின்னால் கம்ப்ரஸர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

“என்ன சத்தம் அது?”

“அது... டயருக்குக் காத்து.”

“முந்தாநாள்தானே அடிச்சே?”

“இது வேற டயர்.”

“சரி, பார்த்து வா.”

பெயின்ட் டிரம் மேல் தொப்பென்று உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். “கண்டுபிடிச்சிருப்பாரோ?”

“வேற டயர்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறமும் கண்டுபிடிக்காம இருந்தாத்தான் அதிசயம்.” சொல்லிவிட்டு எமரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கீறலைச் சுற்றித் தேய்க்கத் தொடங்கினார்.

கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அப்புறம் சாம்பல் நிறத் தண்ணீர். அதற்கும் கீழே வெள்ளையாக ஒரு திட்டு.

அவள் எழுந்து குனிந்து பார்த்தாள்.

“கம்பெனி பிளாஸ்டிக்னா உள்ளயும் கறுப்பாத்தானே இருக்கணும்? இது என்ன வெள்ளையா?”

பொறுமையின் கை வேகமானது.

“தம்பி, இது பள்ளத்தை அடைக்கிற பட்டி. இதே இடத்துல முன்னாடியும் அடிபட்டிருக்கு.”

“பொறுங்க அண்ணி...”

“பொறுக்க மாட்டேன். யார் இடிச்சது?”

அவர் எமரி பேப்பரைக் கீழே வைத்தார். “இத்தனை வருஷமாக் காப்பாத்தின வாக்கு. அண்ணன்தான். அதே குடோன் தூண்தான்.”

“எப்போ?”

“எந்தத் தடவையைக் கேக்குறீங்க?”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஒரு கீறல் கிடையாது, ஒரு கீறல் கிடையாதுன்னு என் காதைத் துளைச்ச மனுஷன்! வீட்டுக்குப் போறேன், இன்னிக்கு இருக்கு அவருக்கு.”

“தாராளமாக் கேளுங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் அண்ணன் இதே டிரம் மேலதான் உட்கார்ந்திருப்பார், இதே மாதிரி நகத்தைக் கடிச்சுக்கிட்டு. ‘கீறலைப் பார்த்தா அவ பயந்துடுவாடா. அப்புறம் நான் ரோட்டுல இருக்கிற வரைக்கும் சாப்பிட மாட்டா, தூங்க மாட்டா. ஒரு கீறல் இல்லன்னு சொல்லி வச்சாத்தான் நிம்மதியா இருப்பா’ன்னு சொல்லுவார்.”

அவள் மறுபடி டிரம் மேல் உட்கார்ந்தாள்.

பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்துக் காய விட்டு, பம்பர் முழுக்க மெல்லிசாக மூன்று பூச்சுக் கறுப்பு. அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை.

“இன்னிக்கு யாரும் தொட வேண்டாம் அண்ணி. நாளைக்குத்தான் முழுசாக் காயும்.”

சாயங்காலம், நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் ஊன்றுகோலோடு வீட்டுக் கேட்டருகே நின்றிருந்தான் கணவன். வண்டி நின்றதும் முதலில் அவளைத்தான் மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

“எங்கயும் இடிக்கலையே?”

“ஒரு கீறல் கிடையாது. வேணும்னா பாருங்க.”

அவன் நேராக இடது மூலைக்குத்தான் போனான். குனிந்தான். அவள் ஐயோ என்பதற்குள் பம்பரில் கையை வைத்துவிட்டான். உடனே எடுத்து விரல்களை மடக்கிக்கொண்டான்.

“ஆமா, ஒரு கீறல் கிடையாது. சாவியை நீயே வச்சுக்கோ. காலையில போகணுமில்ல?”

உள்ளே வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்தாள். இடது கையால் வாங்கிக் குடித்தான். மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரலில் ஈரக் கறுப்பு.

அவளும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.